அந்தரத்திலை நிக்கிற நூறு ரூபா

மோனை, அந்த லப்டொப்பை ஒருக்கா இஞ்சாலை திருப்பு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கிறன். "ட்ரை" எண்டு ஒரு சொல்லுக் கிடக்குது. அதுக்குக் கீழை ஏழெட்டு வரி, வடிவா எழுதியிருக்கிறாய். பிறகு "கேட்ச்" எண்டு ஒரு சொல்லு. அதுக்குக் கீழை என்ன இருக்குது? ஒண்டுமில்லை. அடைப்புக்குறியைத் திறந்திருக்கிறாய், உடனை மூடியிருக்கிறாய். நடுவிலை எறும்பு போகவும் இடமில்லை.

அறிவியல்நகரிலை நாலு வருசம் படிச்சனி. பட்டம் வாங்கின அண்டைக்கு அங்கி போட்டு எடுத்த படத்தைக் கொம்மா சாமிப்படத்துக்குப் பக்கத்திலை கொழுவி வைச்சு, போறவாறவைக்கெல்லாம் காட்டுறா. எல்லாம் இதுக்கே? "பிழை வரட்டும், நான் பிடிப்பன்" எண்டு ஊருக்குச் சொல்லிப்போட்டு, பிடிச்ச கையோடை வாய்க்கை போட்டு விழுங்கிப்போட்டு, ஒண்டும் நடக்காத ஆள் மாதிரி மீசையைத் தடவுறதுக்கே?

முகத்தைச் சுழிக்காதை. எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் உனக்கு என்ன படிப்பிக்கப்போறன்? நீ இரவிலை சூமிலை பெடியளுக்கு வகுப்பெடுக்கேக்கை நான் திண்ணையிலை கிடந்து கேட்டதுதான். கிழவன் நித்திரை எண்டு நினைச்சுக்கொண்டு சத்தமாப் படிப்பிச்சாய். நல்லாத்தான் படிப்பிச்சாய். படிப்பிச்சதை நீ கேக்கேல்லை, அவ்வளவுதான்.

நீயும் றீலோட் போடுற புறோகிராம்தானே எழுதுறாய், கேள். போன மாரிக்குக் கரடிப்போக்குச் சந்தியிலை ஒரு கடையிலை நூறு ரூபாய்க்கு றீலோட் போடப் போனன். கடைப் பிள்ளை என்ரை நம்பரை அடிச்சு அழுத்தினா. வெளியிலை மழை ஊத்துது. போனிலை வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கொண்டே நிக்குது. கடைசியாச் சிவப்பு எழுத்திலை வந்துது: "தோல்வி. மீண்டும் முயற்சிக்கவும்." பிள்ளை சொல்வழி கேக்கிற பிள்ளை. மீண்டும் முயற்சிச்சா. கொஞ்ச நேரத்தாலை என்ரை போன் கிணிங் எண்டுது, நூறு வந்துது. மூச்சு விடமுதல் இன்னொரு கிணிங், இன்னொரு நூறு.

"அப்பு, இருநூறு தாங்கோ."

"நான் நூறுதானே பிள்ளை கேட்டனான்?"

"முதல் போட்டது தோல்வி எண்டு காட்டினது அப்பு. மிசின் பொய் சொல்லுமே?"

நான் இருநூறைக் குடுத்துப்போட்டு வந்தன். காசு என்ரை போனிலைதானே கிடக்குது. ஆனா எல்லாரும் என்னை மாதிரி நல்ல மனிசர் எண்டு நினையாதை. எனக்கு முதல் வந்த ஒருத்தர் நூறைக் குடுத்துப்போட்டுச் சைக்கிளிலை ஏறிப் பறந்திட்டாராம், மற்ற நூறு அந்தப் பிள்ளையின்ரை கையாலை. மிசின் பொய் சொல்லேல்லை மோனை. மிசினுக்குச் சொல்லிக் குடுத்த உன்னை மாதிரி ஒரு கெட்டிக்காரன், "எனக்குத் தெரியாது" எண்டு எழுத வெக்கப்பட்டு "தோல்வி" எண்டு எழுதியிருக்கிறான். அவன்ரை வெக்கத்துக்கு விலை நூறு ரூபா.

இப்ப யோசி. அந்தப் பிள்ளை அழுத்தினது ஒரு பொத்தான். அது கடையிலை இருக்கிற போனிலை இருந்து ரவருக்குப் போகுது, ரவரிலை இருந்து கொழும்புக்குப் போகுது, அங்கை ஒரு சேர்வர் இன்னொரு சேர்வரிட்டை "இவற்றை கணக்கிலை நூறு இருக்கோ" எண்டு கேக்குது, அது மூண்டாவதிட்டைக் கேக்குது. பிறகு வந்த வழியாலை பதில் திரும்ப வேணும். இவ்வளவு தூரத்துக்கு நடுவிலை என்னென்ன கிடக்குது எண்டு நீ நினைச்சுப் பாக்கிறேல்லை. 2025 மாசி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், முழு இலங்கைக்கும் கரண்ட் நிண்டுது. பாணந்துறையிலை உபமின் நிலையத்துக்கை ஒரு குரங்கு போய் ட்ரான்ஸ்போமரோடை சேட்டை விட்டதாலை எண்டு மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி சொன்னார். அடுத்த மாசமே அரசாங்கம் நாடு முழுக்க ஐஞ்சு நிமிசத்துக்கை குரங்கு, மயில் எல்லாத்தையும் எண்ணச் சொல்லிக் கமக்காரரைக் கேட்டது. அதை விடு. பாணந்துறைக் குரங்குக்கு எல்லாம் உன்ரை "கேட்ச்"சிலை இடம் இருக்கோ எண்டுதான் கேக்கிறன்.

உனக்குத் துருசுக் கதை சொன்னால் விளங்கும். கொப்பற்றை காணியும் எங்கடை வாய்க்காலிலைதானே கிடக்குது.

சிறுபோகம். வயல் வெடிக்குது, வாய்க்காலிலை தண்ணி காணாது. நான் ஒரு பெடியனைச் சைக்கிளிலை இரணைமடுக் குளத்துத் துருசடிக்கு அனுப்புறன்: "கதவை இன்னும் ஒரு முழம் உயர்த்தச் சொல்லு." போன பெடியன் வரேல்லை. என்ன நடந்திருக்கும்? ஒண்டு, போற வழியிலை ரயர் காத்துப் போய், அவன் துருசடிக்கே போய்ச் சேரேல்லை. இல்லாட்டில் போய்ச் சொல்லி, அவங்களும் கதவை உயர்த்தி, திரும்பி வாற வழியிலை எங்கையோ கிரிக்கெட் பாத்துக்கொண்டு நிக்கிறான். இல்லாட்டில் துருசடியிலை நிக்கிற மனிசன் வெத்திலை போட்டு முடியட்டும் எண்டு ஆறுதலா இருக்கிறார், இனித்தான் எழும்புவார். வரம்பிலை நிக்கிற எனக்கு மூண்டும் ஒண்டுதான். பெடியன் வரேல்லை, அவ்வளவுதான் தெரியும்.

நான் அவசரக்காரன். ரண்டாவது பெடியனை அனுப்புறன், அதே சொல்லோடை. முதல் பெடியன் சொல்லியிருந்தால் இப்ப கதவு ரண்டு முழம் உயரும். இன்னொருத்தனை அனுப்பினால் மூண்டு முழம். விடியப் பாத்தால் பயிருக்கு மேலை தண்ணி, கீழ்க்காணிக்காரர் மண்வெட்டியோடை என்ரை படலையடியிலை.

அதே நான், "கதவை ஒரு முழத்திலை நிப்பாட்டச் சொல்லு" எண்டு சொல்லி அனுப்பியிருந்தால்? ஒருத்தன் போனாலும் ஒரு முழம், பத்துப்பேர் போனாலும் ஒரு முழம். வழியிலை எத்தினைபேர் துலைஞ்சாலும் எனக்குக் கவலையில்லை, வரிசையா அனுப்பிக்கொண்டே இருப்பன். "இன்னும் கொஞ்சம்" எண்டு சொல்லுறதுக்கும் "இந்த அளவிலை வை" எண்டு சொல்லுறதுக்கும் இடையிலைதான் உன்ரை தொழிலின்ரை பாதிச் சூட்சுமம் கிடக்குது. நீங்கள் பாவிக்கிற எச்ரிரிபி விதியிலையும் இதைத்தான் எழுதி வைச்சிருக்கினம்: "புட்" எண்டு அனுப்பினது எத்தினை தரம் போனாலும் ஒருதரம் போனதுக்குச் சமனா இருக்க வேணும், "போஸ்ட்"டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. நீ எல்லாத்தையும் "போஸ்ட்"டிலை அனுப்புறாய். ஏனெண்டு கேட்டால், "எல்லாரும் அப்பிடித்தான் அப்பு" எண்டுவாய்.

எல்லாத்தையும் "இந்த அளவிலை வை" எண்டு மாத்த ஏலாது, அது எனக்கும் தெரியும். றீலோட் எண்டால் கூட்டத்தான் வேணும். அப்ப துண்டு குடுத்து அனுப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு இலக்கம். திருப்பி அனுப்பேக்கை அதே இலக்கம், புது இலக்கம் இல்லை. அங்காலை இருக்கிறவன் கொப்பியிலை பாத்து, "இந்த இலக்கத்துக்குப் போட்டாச்சு, இந்தா பழைய பதில்" எண்டு சொல்லட்டும். போன கிழமை உன்ரை புறோகிராமிலை இலக்கம் போட்டிருக்கிறன் எண்டு பெருமையாச் சொன்னாய். சந்தோசப்பட்டன். பிறகு பாத்தால் பொத்தானை அழுத்துற ஒவ்வொரு தரமும் புது இலக்கம் பிறக்குது. அதுக்கு இலக்கம் போடாமலே விட்டிருக்கலாம், எழுதின மையாவது மிச்சம்.

உன்ரை வகுப்பிலை கேட்ட ஒரு கதையை உனக்கே திருப்பிச் சொல்லுறன், பிழையெண்டால் திருத்து. அமெரிக்காவிலை செரொக்ஸ் கொம்பனியின்ரை பாலோ ஆல்ட்டோ ஆய்வுகூடத்திலை இருந்த பிரெல், நெல்சன் எண்ட ரண்டுபேர் 1984 இலை ஒரு கட்டுரை எழுதினவை. தூரத்திலை இருக்கிற புறோகிராமைப் பக்கத்திலை இருக்கிறது மாதிரிக் கூப்பிட வழி செய்தவை. வழியைச் செய்துபோட்டு ஒரு விசயத்தை ஒளிக்காமல் எழுதினவை: கூப்பிட்டதுக்குப் பதில் வந்தால் வேலை சரியா ஒருதரம் நடந்திருக்கு, பதிலுக்குப் பதிலா எக்ஸெப்ஷன் எண்ட பிழைச் செய்தி வந்தால் ஒருதரம் நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம், எது எண்டு சொல்ல மாட்டம். நாப்பது வருசத்துக்கு முதல் அந்த மனிசருக்குத் "தெரியாது" எண்டு எழுத வெக்கம் வரேல்லை. அவையளும் பெரிய படிப்புப் படிச்சவைதான்.

பிறகு வந்தவைக்குத்தான் கொழுப்பு. பக்கத்திலை இருக்கிறதும் தூரத்திலை இருக்கிறதும் ஒண்டுதான், எழுதுறவன் வித்தியாசம் பாக்கத் தேவையில்லை எண்டு விளம்பரம் போட்டு வித்தாங்கள். 1994 இலை சன் கொம்பனியிலை இருந்த ஜிம் வால்டோவும் கூட்டாளியளும் அதுக்கு ஒரு குட்டு வைச்சினம். பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் கெட்டால் முழுக்கக் கெடும், எல்லாருக்கும் தெரியும். தூரத்துச் சமாச்சாரம் பாதி கெடும், பாதி நல்லா இருக்கும், எந்தப் பாதி எண்டு சொல்ல ஆளில்லை, அதாலை ரண்டையும் ஒரே மாதிரி எழுத வெளிக்கிடாதேங்கோ எண்டுதான் அவையின்ரை சாரம். அந்தச் சன் கொம்பனியே 1997 இலை ஜாவாவிலை தூரத்து அழைப்பைக் கொண்டுவரேக்கை, ஒவ்வொரு அழைப்பிலையும் "ரிமோட் எக்ஸெப்ஷன் வரும்" எண்டு நெத்தியிலை எழுதி ஒட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தினது. உன்னை மாதிரிப் பெடியள் என்ன செய்தாங்கள்? நெத்தியிலை எழுதினதைப் பாத்து, வெறும் "கேட்ச்" போட்டு மூடினாங்கள். சட்டம் போட்டுத் திருந்தின சனம் எங்கை இருக்குது?

எனக்குப் பிடிச்சது கோர்பா எண்ட பழைய முறைதான். இப்ப அதை ஆரும் சீண்டுறேல்லையாம், பாவம். அதிலை ஒரு எக்ஸெப்ஷன் வந்தால் கூடவே ஒரு குறிப்பும் வரும்: வேலை முடிஞ்சுது, வேலை முடியேல்லை, முடிஞ்சிருக்கலாம். மூண்டாவதைக் கவனி. "முடிஞ்சிருக்கலாம்." ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு கதிரை போட்டு இருந்து கதைச்சு, "இருக்கலாம்" எண்ட சொல்லைச் சட்டத்துக்கை ஏத்தியிருக்குது. எங்கடை கந்தோரிலை ஒருத்தரும் இப்பிடி நேர்மையாப் பதில் சொன்னதில்லை. கூகிள்காரர் 2015 இலை வெளியிட்ட ஜிஆர்பிசி எண்ட தூரத்து அழைப்பு முறையிலையும் அதே கதைதான்: "கெடு முடிஞ்சுது" எண்ட பிழை வந்தாலும், வேலை அங்காலை நல்லபடியா முடிஞ்சிருக்கக்கூடும் எண்டு அவையின்ரை ஆவணத்திலையே எழுதிக் கிடக்குது. நீ அந்தப் பக்கத்துக்குப் போயிருக்க மாட்டாய். உதாரணத்தை மட்டும் வெட்டி ஒட்டிப்போட்டு வந்திருப்பாய்.

வெளிநாட்டுக் கதை காணும். எங்கடை நாட்டிலையே 2005 இலை சஞ்சீவ வீரவரணவும் கூட்டாளியளும் தொடங்கின டபிள்யூஎஸ்ஓ2 எண்ட கொம்பனி, இந்த வில்லங்கத்தையும் மனசிலை வைச்சு ஒரு மொழி செய்தது. பலரினா எண்டு பேர்; 2019 புரட்டாதியிலை முதலாவது முழுப் பதிப்பு வந்தது. அதிலை பக்கத்திலை இருக்கிறதைக் கூப்பிடப் புள்ளி, தூரத்திலை இருக்கிறதைக் கூப்பிட அம்புக்குறி. கோட்டைப் பாத்த உடனை தெரியும், இது படலைக்கு அங்காலை போற சங்கதி எண்டு. பிழை எண்டது அதிலை ஒரு பெறுமதி, விடை வாற கையாலையே வரும். "விடை அல்லது பிழை" எண்டு வாறதை நீ பிரிச்சுப் பாத்தே ஆகவேணும். கீழ்க்கோடு ஒண்டு போட்டு எறிஞ்சுபோட்டுப் போவம் எண்டால் கொம்பைலர் விடாது. உனக்கெண்டே செய்த மொழி மாதிரி இருக்குது. ஆனா அதிலையும் "செக்" எண்டு ஒரு சொல்லு இருக்குதாம், அதைப் போட்டால் வந்த பிழையை மேலை இருக்கிறவனிட்டைத் தள்ளிவிட்டுப் போகலாமாம். விதானை பிரதேச செயலகத்தைக் காட்டுவார், பிரதேச செயலகம் கச்சேரியைக் காட்டும். தள்ளுறது பிழையில்லை, கடைசியிலை ஒருத்தர் எழும்பிப் பொறுப்பெடுக்கிறவர் இருக்க வேணும். உன்ரை புறோகிராமிலை அந்தக் கடைசி ஆள் ஆர்? கரடிப்போக்குச் சந்திக் கடைப் பிள்ளை.

எல்லாப் பிழையும் ஒரே சாதி எண்டு நினைக்கிறதை முதலிலை விடு. பதில் வந்து "இல்லை" எண்டால் அது நல்ல செய்தி. 400 இலை தொடங்குற இலக்கத்தோடை வந்தால் அநேகமா நீ கேட்டதுதான் பிழை. அதையே திருப்பித் திருப்பிக் கேட்டால் அவன் உன்னை விசரன் எண்டு நினைப்பான். உன்ரை புறோகிராம் நேற்று அதைத்தான் செய்துகொண்டிருந்தது, பிழையான நம்பரை விடிய விடிய அனுப்பிக்கொண்டு. 503 எண்டு வந்தால் அவனுக்கு இப்ப ஏலாது. சிலவேளை "இத்தினை செக்கன் பொறுத்து வா" எண்டும் பதிலோடை சொல்லி விடுவான். அதை வாசிக்கிற பழக்கம் உனக்கு இல்லை, எனக்குத் தெரியும். இந்த ரண்டும் இல்லாமல் ஒரு சத்தமும் வராமல் கிடக்குது பார், அதுதான் தனிச் சாதி. 1985 இலை ஃபிஷர், லிஞ்ச், பற்றர்சன் எண்ட மூண்டுபேர் கணக்குப் போட்டுக் காட்டினவையாம்: செய்தி போய்ச்சேர இவ்வளவு நேரம்தான் எண்டு ஒரு எல்லை இல்லாட்டில், ஒரே ஒரு ஆள் விழுந்தாலும் போதும், மிச்ச ஆக்கள் எல்லாரும் நிச்சயம் ஒரு முடிவுக்கு வருவினம் எண்டு சொல்ல ஏலாது எண்டு. அங்காலை இருக்கிறவன் செத்துப்போனானோ, மெதுவா வாறானோ எண்டு இஞ்சாலை இருந்து கண்டுபிடிக்க ஏலாததிலைதான் அந்தச் சிக்கல் முழுக்க. பதில் வராமல் கிடக்கிறது எண்டால் என்னெண்டு வன்னியிலை இருந்த எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. அதைக் கதைக்க வெளிக்கிட்டால் இது வேறை கதையாப் போயிடும். விடு.

"அப்ப அங்காலை விளங்கிச்சுது எண்டு ஒரு பதில் அனுப்பச் சொல்லுவம்" எண்டுவாய். அனுப்பட்டும். அந்தப் பதில் இஞ்சை வந்து சேந்ததோ எண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்? நீ அதுக்கு ஒரு பதில் அனுப்ப வேணும். அது சேந்ததோ? 1975 இலையே வேறை சிலர் இதைக் கண்டுபிடிச்சிட்டினம், பிறகு ஜிம் கிரே எண்டவர் ரண்டு தளபதியளின்ரை கதையாச் சொல்லி வைச்சார். முடிவே இல்லாத கொடுக்கல் வாங்கல். எங்கடை சம்பந்திமார் படலையடியிலை நிண்டு "அப்ப நாங்கள் வாறம்" எண்டு சொல்லத் தொடங்கினால் இருட்டுப்படுமே, அதைப் பாத்துத்தான் அந்த மனிசர் எழுதியிருக்க வேணும்.

இனிக் காத்திருக்கிற கதை. எவ்வளவு நேரம் காத்திருக்கிறது எண்டு நீ எங்கையும் எழுதேல்லை. பைத்தனிலை எல்லாரும் பாவிக்கிற ரிக்வெஸ்ட்ஸ் எண்ட நூலகம், நீ ஒரு கெடு சொல்லாட்டில் தானா ஒரு நாளும் எழும்பி வராது, அப்பிடியே குந்திக்கொண்டிருக்கும். எழுதினவை அதை ஒளிக்கேல்லை, ஆவணத்திலை போட்டிருக்கினம். ஒருத்தர் குந்தினால் பரவாயில்லை. அவருக்குப் பின்னாலை இருநூறுபேர் வந்து குந்துவினம். பிறகு கடையிலை கதிரை இல்லை எண்டு நல்ல வேலையோடை வந்தவனும் வெளியிலை நிப்பான். கெடு வைக்கேக்கையும் மூளையைப் பாவி. கடைப் பிள்ளை முப்பது செக்கன் பொறுப்பா எண்டு வை. நீ அடுத்தவனுக்கு முப்பது, அவன் அதுக்கடுத்தவனுக்கு முப்பது எண்டு குடுத்தால், பிள்ளை எழும்பிப் போன பிறகும் கொழும்பிலை மூண்டு சேர்வர் அவவுக்காக மாரடிச்சுக்கொண்டு நிக்கும். மிச்சம் இருக்கிறதைத்தான் பிரிச்சுக் குடுக்க வேணும். இருபது மிஞ்சினால் இருபது. ஒண்டும் மிஞ்சாட்டில் கேக்கவே வெளிக்கிடாதை.

திருப்பிக் கேக்கிறதெண்டால் மானத்தோடை கேள். ஈதர்நெட் எண்டு ஒரு வயர்க்கட்டு முறை, அதுவும் அதே செரொக்ஸ் ஆய்வுகூடத்திலை பிறந்ததுதான், 1973 இலை. ஒரே வயரிலை ரண்டுபேர் ஒரே நேரம் கதைச்சு முட்டினால் ரண்டுபேரும் வாயை மூட வேணும். பிறகு ஆளுக்கொரு நேரம், குலுக்கல் மாதிரி எடுத்துப் பொறுக்க வேணும். திருப்பியும் முட்டினால் பொறுக்கிற எல்லை இரட்டிப்பாகும், அடுத்தமுறை அதிலும் இரட்டிப்பு. பத்துத் தரம் வரைக்கும் இரட்டிப்பாகி நிக்கும். 16 தரம் முட்டினால், "எனக்கு ஏலாது" எண்டு மேலை சொல்லிப்போட்டு விட்டிடும். வயருக்கு இருக்கிற ரோசம் உன்ரை புறோகிராமுக்கு இல்லை. அது ஒரு செக்கனுக்கு ஒருதரம், அரைச் செக்கனும் பிசகாமல், முடிவில்லாமல் தட்டிக்கொண்டே நிக்குது. நீ ஒருத்தன் மட்டும் எண்டால் அவன் தாங்குவான். வன்னி முழுக்க இருக்கிற கடையள் எல்லாம் ஒரே செக்கனிலை தட்டினால்?

2015 புரட்டாதி 20ஆந் திகதி அமேசனுக்கு நடந்தது அதுதான், உன்ரை வாயாலைதான் கேட்டனான். வேர்ஜீனியாவிலை இருந்த அவையின்ரை டைனமோடிபி எண்ட சேமிப்பிலை, நெட்வேர்க் கொஞ்ச நேரம்தான் தடுமாறினது. அது சரிவந்த உடனை, சேமிப்புச் சேர்வர் எல்லாம் ஒரே நேரத்திலை எழும்பி, "என்ரை பங்கு எது" எண்டு ஒரே இடத்திலை போய்க் கேட்டது. பட்டியலும் முந்தியை விடப் பெருத்துப் போய்க் கிடந்தது, கெடுவுக்கை பதில் குடுக்க ஏலேல்லை. பதில் வராததாலை திருப்பிக் கேட்டது. திருப்பிக் கேட்டதாலை பதில் இன்னும் பிந்தினது. கடைசியிலை, உதவிக்குப் புது ஆக்களை உள்ளை விடக்கூட இடமில்லாமல், கேக்கிறவையின்ரை வாயைக் கொஞ்ச நேரம் கட்டித்தான் நிமித்தினவை. நெட்வேர்க் போட்ட காயம் சின்னது. சொறிஞ்சு பெருப்பிச்சது புறோகிராமள்தான். அமேசனுக்கே இந்தக் கதி. நீ சந்தியிலை நிண்டு றீலோட் விக்கிறவனுக்கு எழுதிக் குடுக்கிறாய், அதாலை ஒண்டும் வராது எண்டு நினைக்கிறாய்.

கைவிடுறதும் ஒரு கலை மோனை. அவனுக்கு ஏலாது எண்டு தெரிஞ்ச பிறகு, கொஞ்ச நேரத்துக்கு அவன்ரை பக்கமே போகாமல், கேக்க வந்தவையிட்டை "இப்ப ஏலாது, பிறகு வாங்கோ" எண்டு உடனை சொல்லிவிட வேணும். பிறகு ஒரே ஒரு ஆளை மெதுவா விட்டுப் பாக்க வேணும், சரிவந்துட்டுதோ எண்டு. மைக்கேல் நைகார்ட் எண்டவர் 2007 இலை ஒரு புத்தகத்திலை எழுதி இந்த முறை ஊருலகத்துக்குப் பரவினது. நீ இதை ஒரு நூலகத்திலை இருந்து இறக்கிச் சேத்திருக்கிறாய், கண்டன். எத்தினை பிழைக்குப் பிறகு கைவிடுறது எண்ட இடத்திலை அவன் உதாரணத்துக்குப் போட்ட இலக்கத்தையே விட்டு வைச்சிருக்கிறாய். அந்த இலக்கத்தை ஏன் வைச்சனி எண்டு கேட்டால் என்ன சொல்லுவாய்? சொல்ல மாட்டாய், தேத்தண்ணி ஊத்தப் போவாய்.

இவ்வளவும் செய்தாலும் ஒண்டு ரண்டு நூறு ரூபா அந்தரத்திலைதான் நிக்கும். போட்டதோ போடேல்லையோ தெரியாத காசு. அதுக்கு ஒரு தனிப் பெட்டி வை: வெற்றி இல்லை, தோல்வி இல்லை, "பாத்துச் சொல்லுறம்". கடைப் பிள்ளையின்ரை போனிலை சிவப்பிலை கத்தாமல், தமிழிலை ரண்டு வரி போடு: "இந்த நூறு ரூபா போனதோ எண்டு எங்களுக்கு இன்னும் தெரியாது. தயவுசெய்து திருப்பி அழுத்தாதேங்கோ, தெரிஞ்ச உடனை சொல்லுறம்." உன்ரை மனேச்சர் வேண்டாம் எண்டுவார், கொம்பனிக்கு மரியாதைக் குறைவு எண்டுவார். ரண்டு தரம் வெட்டின காசை விட உதுவோ மரியாதைக் குறைவு எண்டு கேள். கேக்கேக்கை "அப்பு சொன்னவர்" எண்டு சொல்லாதை, வேலை போயிடும். இரவு சனம் படுத்த பிறகு, உன்ரை கொப்பியையும் அவன்ரை கொப்பியையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சு இலக்கம் இலக்கமா ஒப்பிட்டுப் பார். பாங்குகள் அதைத்தான் செய்யுது. அங்கை வெட்டி இஞ்சை வரேல்லை எண்டால் திருப்பிக் குடு. இஞ்சை போட்டு அங்கை வெட்டேல்லை எண்டால், எங்களை மாதிரி நல்ல மனிசரிட்டைப் பவ்வியமாக் கேட்டு வாங்கு. கிடைக்காட்டில் எழுதித் தள்ளு.

இதெல்லாம் எழுதியாச்சு எண்டு வை. வேலை செய்யுமோ எண்டு எப்பிடித் தெரியும்? "எல்லா ரெஸ்ட்டும் பச்சை அப்பு" எண்டு காட்டுவாய். உன்ரை ரெஸ்ட் எல்லாம் இந்த ஒரு லப்டொப்புக்குள்ளைதானே ஓடுது? கேக்கிறதும் இஞ்சை, பதில் சொல்லுறதும் இஞ்சை, நடுவிலை வயரும் இல்லை மழையும் இல்லை. அமெரிக்காவிலை படம் காட்டுற நெட்ஃபிளிக்ஸ் கொம்பனி இதுக்கெண்டே ஒரு புறோகிராமை எழுதி வைச்சிருந்தது. வேலை நேரத்திலை, எல்லாரும் கந்தோரிலை இருக்கேக்கை, ஓடிக்கொண்டிருக்கிற சேர்வரிலை ஏதாவது ஒண்டைப் பொறுக்கி நிப்பாட்டிப்போட்டுப் போகும். அதுக்கு வைச்ச பேர் என்ன தெரியுமே? "கேயோஸ் மங்கி", கலகக் குரங்கு. 2012 இலை ஊரெல்லாம் எடுத்துப் பாவியுங்கோ எண்டு சும்மா குடுத்தவை. அவங்கள் குரங்கைக் காசு செலவழிச்சுச் செய்யிறாங்கள். எங்களுக்குத் தென்னையிலை ஒண்டு, கூரையிலை ஒண்டு, திண்ணையிலை நான் ஒண்டு.

எழும்பு. தேத்தண்ணி பிறகு ஊத்தலாம். இப்ப உன்ரை புறோகிராமிலை இருந்து ஒரு நூறு ரூபா றீலோட் அனுப்பு. வட்டம் சுத்தத் தொடங்கின உடனை ஒரு சத்தம் குடு, நான் இந்த றவுட்டரின்ரை பிளக்கைப் பிடுங்கிறன். பிறகு கொழுவுவம், பிறகும் பிடுங்குவம். உன்ரை கோட்டுக்கு வாய் இருந்தால் தானே சொல்லட்டும். ஏன் முழிக்கிறாய்? வேறை ஆற்றையும் நம்பரைத் தேடாதை, பரிசோதனை எண்டு என்ரை நம்பருக்கே போடு.